வயர் செய்துவந்த மூன்றாவது வேலை

1983 நவம்பர் 1 அன்று ஐபிஎம் நிறுவனம் வீட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டரை அறிவித்தது. பிசிஜூனியர் என்று பெயர். அதன் கீபோர்டில் வயர் இல்லை. நான்கு பென்சில் பேட்டரிகளைப் போட்டு, பெட்டியின் முகப்பைப் பார்த்தபடி வைத்துத் தட்டினால், டிவி ரிமோட்டில் நடப்பதுபோலவே அகச்சிவப்பு ஒளியில் செய்தி போகும். மேசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். அன்றைக்கு அது பெரிய புதுமை.

வகுப்பறையில்தான் சிக்கல் தெரிந்தது. ஒரே அறையில் இரண்டு மூன்று பிசிஜூனியர்களை வைத்தால், ஒரு கீபோர்டின் ஒளி பக்கத்துப் பெட்டியின் மேலும் பட்டது. எல்லாக் கீபோர்டுகளும் ஒரே மாதிரிக் குறிகளைத்தான் அனுப்பின. வருகிற குறி தன்னுடைய கீபோர்டிலிருந்து வருகிறதா, அடுத்த பெஞ்சிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய அந்தப் பெட்டிக்கு வழியே இல்லை. இதற்கு மாற்றாக ஐபிஎம் தனியே ஒரு வயரை விற்றது. அதைச் செருகினால் ஒளி வேலை செய்யாது, பேட்டரியும் தேவைப்படாது. விசைகள் தட்டுவதற்கு வசதியாக இல்லை என்ற புகார் வேறு பெரிதாக எழுந்தது. 1984 ஜூலையில் புதிய கீபோர்டைச் செய்து, பழையதை வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 1985 மார்ச்சில் பிசிஜூனியர் தயாரிப்பு நின்றது.

அந்த வகுப்பறைச் சிக்கலில்தான் நான் சொல்ல வந்த கதையின் முடிச்சு இருக்கிறது. கீபோர்டிலிருந்தும் மவுஸிலிருந்தும் போன அந்த வயர் மூன்று வேலைகளைப் பார்த்துவந்தது. ஒன்று, மின்சாரம் கொடுத்தது. இரண்டு, செய்தியைச் சுமந்தது. மூன்றாவது வேலையை யாரும் வேலையாகவே எண்ணவில்லை: எந்தக் கீபோர்டு எந்தக் கம்ப்யூட்டருக்கு உரியது என்பதை அது தன் இருப்பாலேயே சொல்லிவிட்டது. வயரின் ஒரு நுனி இங்கே, மறு நுனி அங்கே. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. வயரை வெட்டியவர்கள் முதல் இரண்டு வேலைகளுக்கும் சீக்கிரமே மாற்று கண்டுபிடித்தார்கள். மூன்றாவதைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் ஆயின. இன்று புதிதாக ஒரு வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்கி வந்து, ரிசீவரைச் செருகி, பொத்தானை அழுத்திப் பிடித்து, ஆறு இலக்க எண்ணைத் தட்டி எந்திரத்தோடு சேர்க்கிறோமே, அதில் ஒவ்வொரு படியும் அந்தத் தேடலில் பிறந்தது.

வயரின் மீதான எரிச்சல் மவுஸ் பிறந்தபோதே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படையின் ரேடார் தொழில்நுட்பராக இருந்த டக்ளஸ் எங்கல்பார்ட், பின்னாளில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ரேடார் திரையைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. கம்ப்யூட்டரும் திரையில் படமும் எழுத்துமாகக் காட்ட வேண்டும், மனிதன் அதைச் சுட்டிக்காட்டிப் பேச வேண்டும் என்பது அவர் கனவு. 1964-இல் அவருடைய யோசனையை வைத்து பில் இங்கிலிஷ் ஒரு மரக்கட்டையைக் குடைந்து முதல் மவுஸைச் செய்தார். கட்டைக்கு அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். முதலில் வயரைக் கையின் பக்கமாகத்தான் விட்டிருந்தார்கள். அது முன்கையில் சிக்கியது. உடனே முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். இன்றுவரை வயர் உள்ள மவுஸ்கள் எல்லாம் அந்தத் திருத்தத்தின்படிதான் வருகின்றன.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில் எங்கல்பார்ட் அதைத் தொண்ணூறு நிமிடம் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும், எங்கல்பார்ட்டின் வேலையோடு தொடர்பில்லாமல், அடியில் உருளும் பந்து வைத்த ஒரு கருவியை விளம்பரத்தில் காட்டியிருந்தது. அமெரிக்கக் காப்புரிமை 1970 நவம்பரில் எங்கல்பார்ட் பெயரில் கிடைத்தது. உரிமை நிறுவனத்துக்குப் போனது. உலகம் முழுக்க மவுஸ் பரவியபோது அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் மவுஸின் கதையைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

கீபோர்டின் வயர் இன்னும் பழையது. டைப்ரைட்டரில் விசையும் எழுத்தும் ஒரே இரும்புப் பிணைப்பின் இரு முனைகள். மில்வாக்கியில் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் 1868-இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் விரல் அழுத்திய விசையோடு பிணைந்த எழுத்துதான் தாளில் போய் அடித்தது. தந்தி அச்சு எந்திரங்கள் வந்த பிறகு விசை ஓரிடம், அச்சாகும் எழுத்து வேறோரிடம் என்று பிரிந்தது. இடையில் மின்துடிப்பு ஓடியது. அந்த மின்துடிப்பு வயரில்தான் போக வேண்டும் என்று இயற்கை விதித்திருக்கவில்லை.

பிசிஜூனியரைப் போலவே ஒளியை நம்பி 1984-இல் இன்னொரு முயற்சியும் நடந்தது. ஜெராக்ஸ் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய மெட்டஃபர் என்ற நிறுவனத்துக்காக, சுவிட்சர்லாந்தில் 1981-இல் பிறந்த லாஜிடெக் வயரில்லாத மவுஸைச் செய்து கொடுத்தது. அதுவும் அகச்சிவப்பு ஒளிதான். ஒளியின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. நடுவில் ஒரு காப்பி டம்ளர் வந்தாலும் மறைந்துவிடும். மவுஸை நகர்த்தும் கை எப்போதும் குறுக்கே வருகிற கை. ஆகவே ஒளியை விட்டு ரேடியோவுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1991-இல் லாஜிடெக் ரேடியோவில் இயங்கும் மவுஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதன்பின் பல ஆண்டுகளுக்கு வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் என்றாலே 27 மெகாஹெர்ட்ஸ் என்ற நிலை. பொம்மைக் காரை ஓட்டும் ரிமோட்டுகளும், அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோக்களும் நெரிசலாக இருக்கிற அலைவரிசை அது. சிப் மலிவு, உரிமம் தேவையில்லை என்பதால் அங்கே போனார்கள். ஆனால் அலையின் நீளத்தைக் கவனியுங்கள்: 27 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 11 மீட்டர். நல்ல ஆன்டெனாவுக்கு அதில் கால்பங்காவது நீளம் வேண்டும், அதாவது இரண்டே முக்கால் மீட்டர். மவுஸுக்குள் அதை எங்கே வைப்பது? சின்னதாக ஒரு சுருளை வைத்து ஒப்பேற்றினார்கள். அதனால் ஆற்றல் வீணாகி, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. ரிசீவரும் இன்றைய நகமளவுத் துண்டு கிடையாது; ஒன்றரை மீட்டர் வயரோடு மேசைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு டப்பா. அதை மவுஸுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், இரும்பு மேசையானால் இன்னும் பக்கத்தில்.

வகுப்பறைச் சிக்கல் இங்கே வேறு உருவில் வந்தது. அதற்காகத்தான் அந்த டப்பாவில் ஒரு பொத்தான் வைத்தார்கள். முதலில் டப்பாவின் பொத்தானை அழுத்த வேண்டும். சில விநாடிகளுக்குள் கீபோர்டின் அடியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குள் கீபோர்டு தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். அன்றிலிருந்து டப்பா அந்த எண்ணோடு வரும் செய்தியை மட்டும் ஏற்கும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் மறுபடி அழுத்த வேண்டிவந்த செட்டுகள் உண்டு. இன்றும் பல கீபோர்டுகளின் முதுகில் குச்சியால் குத்தி அழுத்துகிற ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதன் வம்சம் இதுதான்.

அடையாள எண் இருந்தும் தப்பு நடந்தது. 2002-இல் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் ஒருவர் தன் வீட்டில் தட்டிய எழுத்துகள், ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி இன்னொரு வீட்டிலிருந்த கம்ப்யூட்டரின் திரையில் தோன்றியதாக அந்நாட்டுப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. மேசை அளவே எட்டும் என்று எண்ணியிருந்த அலை தெருவைத் தாண்டியிருந்தது. படித்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. ஒரு வீட்டில் தட்டியது அடுத்த வீட்டில் தவறுதலாகத் தோன்றினால் அங்கிருப்பவர் போன் செய்து சொல்வார். திரையில் தோன்றாமல் யாரோ ஒருவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தால்?

அதற்கு மறுமொழியாகச் சில செட்டுகளில் எழுத்தை மறைகுறியாக்கி அனுப்பினார்கள். 2007-இல் மாக்ஸ் மோசர், ஃபிலிப் ஷ்ரோடெல் என்ற இரு ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்டின் 27 மெகாஹெர்ட்ஸ் கீபோர்டுகளை ஆராய்ந்து பார்த்தார்கள். மறைகுறிக்கான திறவு எண் ஒரே ஒரு பைட். மொத்தம் 256 சாத்தியங்கள். காற்றில் வரும் சில பத்து விசைத் தட்டல்களைப் பிடித்து, 256 எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எழுத்து வெளியே வந்துவிடும். பூட்டு இருந்தது என்பது மெய். அதைத் திறக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை என்பதும் மெய்.

இதற்கிடையே கதை வேறொரு வீதிக்கு நகர்ந்திருந்தது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அதில் ஒன்று. அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த இடம் என்பதால் தகவல் தொடர்புக்கு அதை யாரும் விரும்பவில்லை. 1985-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, செய்தியைப் பல அலைவரிசைகளில் பரப்பி அனுப்புகிறவர்கள் உரிமம் இல்லாமல் அங்கே இயங்கலாம் என்று விதி செய்தது. வைஃபை, ப்ளூடூத், இன்றைய மவுஸ் எல்லாம் அந்த ஒரு விதியின் நிழலில் வளர்ந்தவை. தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கண்டுபிடித்தவர்களைத்தான் கொண்டாடுகிறார்கள். இடத்தைத் திறந்துவிட்ட அதிகாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் அந்த இடம் திறக்க நாளாயிற்று. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பியில்லாக் கருவி எதை வைத்திருந்தாலும் உரிமம் வேண்டியிருந்தது. வீட்டு ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி முத்திரை வாங்கிய தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற பொது அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் பெட்டியைப் பிரித்து, காகிதம் எதிலும் கையெழுத்திடாமல் ஒரு வயர்லெஸ் மவுஸை வாங்கி வர முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இப்படி ஓர் அறிவிக்கை இருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கால்பங்கு மூன்று சென்டிமீட்டர். சர்க்யூட் பலகையிலேயே செம்புக் கோடாக ஆன்டெனாவை வரைந்துவிடலாம். டப்பா சுருங்கி டாங்கிள் ஆயிற்று. டாங்கிள் சுருங்கி, செருகினால் வெளியே விரல்நுனி அளவே தெரிகிற ரிசீவர் ஆயிற்று. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமைச் சேர்ந்த நார்டிக் செமிகண்டக்டர் செய்த மலிவான ரேடியோ சிப்கள் பல நிறுவனங்களின் மவுஸ்களுக்குள் போயின. வேலை இல்லாதபோது தூங்கி, அசைத்தால் விழிக்கிற சிப்கள் அவை. இரண்டு பேட்டரியில் கீபோர்டு ஓராண்டு, இரண்டாண்டு ஓடுவது இப்படித்தான் சாத்தியமாயிற்று. மின்சாரம் என்ற முதல் வேலைக்கு அதோடு முழு விடை கிடைத்தது.

நெரிசலுக்கும் ஒரு பழைய யோசனை கைகொடுத்தது. ஒரே அலைவரிசையில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பது. 1942-இல் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் இதற்கொரு காப்புரிமை பெற்றார்கள். எதிரி குறுக்கிட முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை ரேடியோவால் ஓட்டுவது நோக்கம். தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட தாள்சுருள்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி. தாவ வேண்டிய அலைவரிசைகள் 88, பியானோவின் விசைகள் எத்தனையோ அத்தனை. கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய ப்ளூடூத், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஒரு தடத்தைக் கெடுத்தால் அடுத்த தாவலில் செய்தி போய்ச் சேரும்.

இப்போது மேசைமேல் இருப்பதை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் செட்டுகள் இரண்டு ஜாதி. ரிசீவரோடு வருபவை ஒன்று. இதில் அடையாளப் பொருத்தத்தைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்புகிறார்கள். ரிசீவர் தன்னைக் கம்ப்யூட்டரிடம் ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவே அறிமுகம் செய்துகொள்கிறது. வயர் போன சங்கதியே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் திரையில்கூட அந்தக் கீபோர்டு வேலை செய்கிறது. ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் அங்கே ஊமையாக இருக்கும். அதைப் பேசவைக்கும் மென்பொருள் இன்னும் எழவில்லை. புதிதாக விண்டோஸ் நிறுவப் போகிறவர்கள் பக்கத்தில் ஒரு வயர் கீபோர்டை வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். தொழிற்சாலைப் பொருத்தத்தில் ஒரு தீமையும் உண்டு. பல மலிவான செட்டுகளில் ரிசீவர் தொலைந்தால் கீபோர்டும் மவுஸும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. லாஜிடெக் 2009-இல் ஒரே ரிசீவரில் ஆறு கருவிகளைச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தொலைந்தால் வேறொன்று வாங்கிச் சேர்க்கவும் முடிந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அப்படியொரு ரிசீவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு ஜாதி ப்ளூடூத். கீபோர்டுக்கும் மவுஸுக்குமான ப்ளூடூத் விதிமுறை 2003-இல் முடிவாயிற்று. கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குப் போய், ப்ளூடூத்தை இயக்கி, கீபோர்டின் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்தால், பட்டியலில் அதன் பெயர் வரும். அதைத் தேர்ந்தால் திரை ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டி, கீபோர்டில் தட்டி என்டர் அழுத்தச் சொல்லும். பலர் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். என் பார்வையில் வயரின் மூன்றாவது வேலைக்குக் கிடைத்த மிக அழகான விடை இதுதான். எண் தோன்றுவது திரையில், தட்டுவது கீபோர்டில், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவும் தொடவும் முடிகிற ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவருடைய கண்ணும் கையுமே ஒரு கணம் வயராகின்றன. 2007-இல் வந்த ப்ளூடூத் திருத்தத்திலிருந்து, இதன் பின்னணியில் இரு கருவிகளும் காற்றில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டே, ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாத ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. மவுஸில் எண்களைத் தட்ட இயலாது. அதனால் அதற்கு இந்தச் சோதனை இல்லை.

ரிசீவர் செட்டுகளிலும் மவுஸுக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று நினைத்ததுதான் 2016-இல் பெரிய ஓட்டையாக வெளிப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் நியூலின் ஓர் ஆய்வை வெளியிட்டார். ரிசீவரோடு வரும் செட்டுகளில் கீபோர்டின் செய்தியை மறைகுறியாக்கியிருந்தார்கள்; மவுஸ் எங்கே நகர்கிறது என்பதில் என்ன ரகசியம் என்று மவுஸின் செய்தியை அப்படியே விட்டிருந்தார்கள். ஏழு நிறுவனங்களின் ரிசீவர்கள் இதில் ஏமாந்தன. மவுஸ் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒரு செய்தி விசைத் தட்டலைக் கொண்டுவந்தாலும், மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டன. மளிகைக்காரருக்கென்று திறந்து வைத்த கொல்லைக் கதவு வழியாக வேறொருவர் வீட்டுக்குள் நடந்து வந்ததுபோல. மலிவாகக் கிடைக்கும் ரேடியோ டாங்கிளை வைத்து, நூறு மீட்டர் தள்ளியிருந்தபடி உங்கள் எந்திரத்தில் கட்டளைகளைத் தட்ட முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதே நிறுவனம், எட்டு தயாரிப்பாளர்களின் மலிவான கீபோர்டுகள் எதையுமே மறைக்காமல் எழுத்துகளைப் பச்சையாக அனுப்புவதாகவும் காட்டியது. லாஜிடெக் ரிசீவருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் திருத்தி வெளியிட்டது. பல மலிவான ரிசீவர்களைத் திருத்தவே வழியில்லை. அவற்றின் சிப்பை மறுபடி எழுத முடியாது.

ப்ளூடூத்தும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் அதே நியூலின், ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் எந்திரங்கள் சில நிலைமைகளில் உரிமையாளரைக் கேட்காமலே ஒரு போலிக் கீபோர்டைச் சேர்த்துக்கொள்வதைக் காட்டினார். ஆறு இலக்கச் சோதனை சரியாகத்தான் இருந்தது. சோதனையே வேண்டாம் என்று சொல்லும் கருவியையும் உள்ளே விட்டதுதான் பிழை. மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்தார்கள்.

நடைமுறையில் அதிகம் பேரை வாட்டுவது திருடர்களைவிட இரைச்சல்தான். மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, எழுத்து விடுபடுகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வேறு. 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் ஆய்வறிக்கையில் இதை எழுதிவைத்தது: யூஎஸ்பி 3.0 துளையும் அதில் செருகிய வன்தட்டும் இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலை உமிழ்கின்றன. நீல நிறத் துளையில் வன்தட்டு, ஒட்டினாற்போல அடுத்த துளையில் மவுஸின் ரிசீவர் என்றால் ரிசீவருக்குக் காது கேட்காது. ரிசீவரை எதிர்ப்பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள்; அல்லது ஒரு சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் செருகி மேசைமேல் எடுத்து வையுங்கள். சில செட்டுகளின் பெட்டியிலேயே அப்படியொரு வயர் கிடக்கும். அதை வீண் என்று எறிந்துவிட வேண்டாம்.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வயர்லெஸ் கீபோர்டு வாங்கினால் தமிழ் வருமா என்று கடைக்காரரிடம் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீபோர்டுக்கு எந்த மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. காற்றில் அது அனுப்புவது விசையின் எண்ணை மட்டும். எச் என்று பொறித்த விசையை அழுத்தினால் 11 என்ற எண் போகிறது. கம்ப்யூட்டரில் ஆங்கிலம் தேர்ந்திருந்தால் அது எச். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி முடிவான தமிழ் 99 தேர்ந்திருந்தால் அதே 11 ‘க’ ஆகிவிடும். ஆகவே தமிழுக்கென்று எதையும் தேடி வாங்க வேண்டியதில்லை. விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால், எந்தக் கீபோர்டும் தமிழ்க் கீபோர்டுதான்.

வீட்டில் இன்னும் வயரோடு கூடிய பழைய ரிசீவர் டப்பாவும் 27 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய கீபோர்டும் இருந்தால், அதில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். புதிதாக வாங்கும்போது பெட்டியில் ஏஇஎஸ் (AES) என்ற மறைகுறி முறையின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் ப்ளூடூத் கீபோர்டாக வாங்குங்கள், எந்திரத்தின் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். ஒரு கருவியைச் சேர்க்கலாமா என்று திரை கேட்கும்போது, நீங்கள் பொத்தானை அழுத்தாமலே ஒரு கீபோர்டின் பெயர் வந்து நின்றால், அனுமதி கொடுக்காதீர்கள். ரிசீவரைக் கழற்றினால், பல மவுஸ்களின் வயிற்றில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கும், அங்கேயே வையுங்கள்.